வேலையை விட்டது யாருடைய முடிவு? ஓர் அட்டைப்படக் கட்டுரையும் அதைப் பிரித்துப் பார்த்த ஆய்வுகளும்

2003 அக்டோபர் 26 அன்று வெளிவந்த நியூயார்க் டைம்ஸ் ஞாயிறு இதழின் அட்டையில் ஒரு கேள்வியும் பதிலும் இருந்தன. பெண்கள் ஏன் பெரிய பதவிகளுக்கு அதிகம் வருவதில்லை? வேண்டாம் என்று அவர்களே முடிவு செய்துகொள்கிறார்கள். உள்ளே லிசா பெல்கின் எழுதிய நீண்ட கட்டுரை. அட்லாண்டாவில் ஒரு வீட்டு வரவேற்பறையில் புத்தகம் பற்றிப் பேசக் கூடும் பெண்களிடமிருந்து அது தொடங்குகிறது. எல்லோரும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள், நல்ல வேலையில் இருந்தவர்கள். குழந்தை பிறந்த பிறகு பலர் வேலையை விட்டுவிட்டார்கள், அல்லது குறைத்துக்கொண்டார்கள். சான்பிரான்சிஸ்கோவிலும் இதே போன்ற தாய்மார்களைச் சந்தித்துப் பேசிய பெல்கின், இதற்கு 'ஆப்ட்-அவுட் புரட்சி' என்று பெயர் வைத்தார். பெண்கள் தாமாகவே வேலையிலிருந்து விலகிக்கொள்ளும் புரட்சி என்பது அவர் சொல்ல வந்தது.

அந்தப் பெயர் பற்றிக்கொண்டது. அடுத்த பத்தாண்டுகளில் சமூகவியல், பொருளாதாரம், சட்டம், சமூக உளவியல் என்று நான்கு துறைகளில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். பாலினம், ஊடகம், வேலை-குடும்பச் சமநிலை மூன்றையும் ஒன்றாக வைத்துப் படிக்க நினைக்கும் மாணவர் யாராவது என்னிடம் எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், இந்த நிகழ்வைத்தான் சொல்வேன். ஒரு செய்திக் கட்டுரை எப்படி ஒரு சமூக உண்மையாக மாறுகிறது, அதை ஆய்வு எப்படிப் பிரித்து எடுக்கிறது, பிரித்து எடுத்த பிறகும் அது ஏன் சாகாமல் இருக்கிறது என்பதெல்லாம் இதற்குள் இருக்கிறது.

முதலில் பெல்கினுக்கு நியாயம் செய்துவிடுவோம். அவர் பொய் எழுதவில்லை. தான் பேசுவது வசதியும் படிப்பும் உள்ள, நன்றாகச் சம்பாதிக்கும் கணவர் இருக்கிற சிறு கூட்டத்தைப் பற்றித்தான் என்று கட்டுரையிலேயே சொல்லியிருக்கிறார். தானும் பிரின்ஸ்டன் பட்டதாரி என்பதை மறைக்கவில்லை. அந்தப் பெண்களின் களைப்பும் தவிப்பும் உண்மையானவை. கோளாறு வேறு இடத்தில் இருந்தது.

கட்டுரைக்குள்ளேயே இருந்த மறுப்பு

அட்டையை மறந்துவிட்டு உள்ளே இருக்கும் பெண்கள் சொன்னதை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். ஒருவர் தொலைக்காட்சிச் செய்தியாளர். வேலையை விட அவருக்கு ஒன்பது வருடங்கள் பிடித்தன. நாள்கள் நீண்டுகொண்டே போயிருக்காவிட்டால் தாக்குப்பிடித்திருப்பேன் என்கிறார். வாரம் 50 மணி நேரமாக இருந்த வேலை 60 மணி நேரமாக ஆகிக்கொண்டிருந்தது. பகுதி நேரமாகப் பார்க்கிறேன் என்று கேட்டார், கிடைக்கவில்லை. அப்புறம்தான் விட்டார். இன்னொருவர் வழக்கறிஞர். நான் விரும்பிய மாதிரி ஒரு தாயாகவும் இருந்து, வழக்கறிஞர் தொழிலையும் தொடர முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், இரண்டையும் நன்றாகச் செய்யப் பார்த்துத் தேய்ந்துபோனேன் என்ற பொருளில் பேசுகிறார்.

இவர்கள் வேலை வேண்டாம் என்று சொன்னவர்களா? ஒருவருக்குக் கேட்ட நேரம் கிடைக்கவில்லை. மற்றவருக்கு இரண்டையும் சேர்த்துச் செய்ய வழி கிடைக்கவில்லை. பதவி வேண்டாம் என்ற முடிவை இவர்கள் தலையில் வைத்தது அட்டைதான். கட்டுரையின் உடல் ஒன்றைச் சொல்ல, தலைப்பு வேறொன்றைச் சொல்கிறது. ஊடக ஆய்வில் இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. கட்டுரையை முழுக்கப் படித்தவர்களைவிட அட்டையைப் பார்த்தவர்கள்தானே அதிகம் இருந்திருப்பார்கள்!

பேட்டி எடுப்பதில் உள்ள ஒரு சிக்கலையும் இது காட்டுகிறது. வேலையை விட்ட பெண்ணிடம் ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், என் விருப்பம் என்றுதான் பெரும்பாலும் சொல்வார். படித்து, பட்டம் பெற்று, பத்து வருடம் வேலை பார்த்த ஒருவர் தன்னைத் தோற்றவராகக் காட்டிக்கொள்ள ஏன் விரும்ப வேண்டும்? அந்தப் பதிலோடு நோட்டை மூடிவிட்டால் ஒரு கட்டுரை கிடைக்கும். அதற்கு முந்தைய மாதங்களில் என்ன நடந்தது என்று கேட்டால் வேறு கதை கிடைக்கும். நியூயார்க்கின் ஹண்டர் கல்லூரி சமூகவியலாளர் பமேலா ஸ்டோன் அந்த இரண்டாவது வழியில் போனார்.

வழக்கறிஞர், மருத்துவர், வங்கி அதிகாரி, நிறுவன மேலாளர் என்று உயர்ந்த வேலைகளில் இருந்து வீட்டுக்கு வந்த 54 பெண்களின் வாழ்க்கை வரலாற்றை விரிவாகக் கேட்டு, 2007இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார் ஸ்டோன். வேலையைவிட வீடுதான் பிடிக்கும் என்று ஆரம்பத்திலிருந்தே நினைத்தவர்கள் அதில் மிகச் சிலரே. மற்றவர்கள் விடுவதற்கு முன் நேரத்தை மாற்றிக் கேட்டிருக்கிறார்கள், பகுதி நேரம் கேட்டிருக்கிறார்கள். சிலருக்கு மறுத்துவிட்டார்கள். கிடைத்தவர்களுக்கும் கொஞ்ச நாளில் முக்கியமான பொறுப்புகள் ஒவ்வொன்றாகக் கைமாறிப் போயின. சம்பளம் பகுதி நேரத்துக்கு, வேலை முழு நேரத்துக்கு என்று ஆனதும் உண்டு. பொறுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்கள். வெளியே வந்த பிறகு அதை என் முடிவு என்று சொன்னார்கள்.

ஸ்டோனின் ஆய்வில் என்னை மிகவும் பாதித்தது கணவர்களைப் பற்றிய பகுதி. அவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. மனைவியை வேலைக்குப் போகாதே என்று தடுத்தவர்களும் இல்லை. நீ என்ன முடிவு செய்தாலும் எனக்குச் சம்மதம் என்றார்கள். கேட்க எவ்வளவு இதமாக இருக்கிறது! ஆனால், சரி, நான் என் வேலையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன் என்ற பேச்சு அங்கே வரவில்லை. கணவரின் வேலை நேரம் பேச்சுவார்த்தைக்கே வராத ஒன்றாக இருந்தது. ஒரு வீட்டில் இரண்டு வேலைகள், அதில் ஒன்று அசையாதது என்று முதலிலேயே முடிவாகிவிட்டால், மிச்சம் இருப்பவருக்கு என்ன விருப்பம் மிஞ்சும்? பெல்கினின் கட்டுரையில் இந்தக் கேள்வி இல்லை. அதற்குப் பிறகு வந்த பெரும்பாலான செய்திகளிலும் இல்லை.

எண்கள் என்ன சொல்லின

புரட்சி என்றால் கணக்கில் தெரிய வேண்டும். கட்டுரை வந்த சமயத்தில் கையில் இருந்த ஒரு எண் உண்மையிலேயே இறங்கியிருந்தது. ஒரு வயதுக்குள் குழந்தை உள்ள அமெரிக்கத் தாய்மார்களில் வேலைச் சந்தையில் இருந்தவர்கள் 1998இல் 59 சதவீதம், 2000இல் 55 சதவீதம். பலரும் இதைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் படம் வேறு. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள தாய்மார்களில் வேலைச் சந்தையில் இருந்தவர்கள் 1975இல் சுமார் 47 சதவீதம். 2000இல் அது 73 சதவீதத்தைத் தொட்டது. அதன் பிறகு ஓரிரு புள்ளிகள் குறைந்தன, அவ்வளவுதான். அந்தக் குறைவுக்குத் தாய்மைதான் காரணமா என்று பொருளாதார அறிஞர் ஹெதர் புஷே 2005இல் பிரித்துப் பார்த்தார். 2001இல் வந்த பொருளாதார மந்தத்தில் பிள்ளை இல்லாத பெண்களும் வேலை இழந்திருந்தார்கள். எனவே அவர் கேட்ட கேள்வி இது: வீட்டில் பிள்ளை இருப்பதால் மட்டும் ஒரு பெண் வேலையில் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு குறைகிறது? 25 முதல் 44 வயதுவரை உள்ள பெண்களில் அந்த இடைவெளி 1984இல் 20.7 சதவீதப் புள்ளிகள். 2004இல் 8.2. தாய்மார்கள் வேலையிலிருந்து கூட்டமாக விலகிக்கொண்டிருந்ததாகச் சொல்லப்பட்ட அதே காலத்தில் இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

படித்த பெண்களாவது விலகினார்களா? பின்னாளில், 2023இல், பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் 2006 மார்ச்சில் அதே நியூயார்க் டைம்ஸில் இதைப் பற்றி எழுதினார். கடும் போட்டிக்கு நடுவே இடம் கிடைக்கும் கல்லூரிகளில் 1976இல் சேர்ந்த பெண்கள் படிப்பை முடித்த பிறகு வந்த சுமார் பதினைந்து ஆண்டுகளைப் பார்த்தபோது, அவர்களில் 58 சதவீதம் பேர் மொத்தமாக ஆறு மாதத்துக்கு மேல் வேலையை விட்டு விலகியிருந்ததே இல்லை.

அப்படியென்றால் வீட்டில் இருந்த தாய்மார்கள் யார்? 2007ஆம் ஆண்டுத் தரவை வைத்து அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை வெளியிட்ட அறிக்கையில் பதில் இருக்கிறது. மற்ற தாய்மார்களோடு ஒப்பிட்டால் அவர்கள் வயதில் இளையவர்கள், வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகம், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் அதிகம். உயர்நிலைப் பள்ளியை முடிக்காதவர்கள் அவர்களில் 19 சதவீதம், மற்ற தாய்மார்களில் 8 சதவீதம். குழந்தைக் காப்பகத்துக்குக் கட்டும் பணத்தைவிடச் சம்பளம் குறைவாகக் கிடைக்கும் பெண் வீட்டில் இருப்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அட்டைப்படத்துக்கு அவர் தேவைப்படவில்லை என்பதுதான் வருத்தம்.

அதே கதை, திரும்பத் திரும்ப

பத்திரிகையாளர் ஈ. ஜே. கிராஃப் 2007இல் ஒரு வேலை செய்தார். பழைய இதழ்களைத் தோண்டி, இந்தக் 'கண்டுபிடிப்பு' எத்தனை முறை கண்டுபிடிக்கப்பட்டது என்று பார்த்தார். நியூயார்க் டைம்ஸிலேயே 1953இல் வேலையை விட்ட ஒரு தாயின் கதை, 1961இல் வீட்டில் நிறைவு காணும் பெண்கள், 1980இல் வேலையைவிடக் குடும்பமே முக்கியம் என்று சொல்லும் இளம்பெண்கள். 1980இல் அப்படிச் சொன்னதாக எழுதப்பட்ட தலைமுறைதான் அதன் பிறகு அதுவரை இல்லாத அளவில் வேலைக்குப் போனது.

2005 செப்டம்பரில் மறுபடியும் வந்தது. இந்த முறை முதல் பக்கத்தில், யேல் பல்கலைக்கழக மாணவிகளைப் பற்றி. மின்னஞ்சலில் கேள்விகள் அனுப்பி 138 பேர் பதில் சொன்னதில், தாயான பிறகு வேலையைக் குறைப்போம் அல்லது நிறுத்துவோம் என்றவர்கள் ஏறக்குறைய 60 சதவீதம். அவர்களில் பாதிப் பேர் சொன்னது பகுதி நேரம். அதாவது வேலையில் இருப்போம் என்று சொன்னவர்கள். அவர்களையும் விலகுகிறவர்களோடு சேர்த்தால்தான் 60 வருகிறது. மாணவர்களிடம், நீங்கள் தந்தையான பிறகு என்ன செய்வீர்கள் என்ற கேள்வியை யாரும் அனுப்பவில்லை.

தனித்தனிக் கட்டுரைகளைக் குறை சொல்வது எளிது. மொத்தமாகச் சேர்த்து எண்ணுவதுதான் ஆய்வு. சமூகவியலாளர் ஏரியல் கூப்பர்பெர்க்கும் ஸ்டோனும் சேர்ந்து 1988 முதல் 2003 வரை 30 இதழ்களில் வந்த 51 கட்டுரைகளை எடுத்துப் பகுத்து 2008இல் வெளியிட்டார்கள். பிள்ளை, குடும்பம் என்ற பேச்சு நிறைய இருந்தது. விருப்பம் என்ற பேச்சும் நிறைய இருந்தது. வேலையிடத்தில் என்ன நடந்தது என்பது குறைவாக இருந்தது. கதையில் வந்தவர்கள் பெரும்பாலும் மணமான, வசதியான, வெள்ளையினப் பெண்கள்.

கலிபோர்னியாவின் ஹேஸ்டிங்ஸ் சட்டக் கல்லூரியில் இருந்த ஜோன் வில்லியம்ஸ் குழு 2006இல் வெளியிட்ட அறிக்கையில் இன்னும் பெரிதாக வலை வீசியது. 1980 முதல் 2006 வரையிலான 119 செய்திக் கட்டுரைகள். வேலையிடம் வெளியே தள்ளியதுதான் முக்கியக் காரணம் என்று சொன்னவை அவற்றில் 6 சதவீதம். ஆனால் ஸ்டோனும் மெக் லவ்ஜாயும் அதற்கு முன் வேலையை விட்ட பெண்களிடமே பேசி எழுதிய ஆய்வில், வேலையிடத்தின் இறுக்கத்தை முக்கியக் காரணமாகச் சொன்னவர்கள் 86 சதவீதம். 6 எங்கே, 86 எங்கே! இந்த இரண்டு எண்களை அருகருகே வைத்ததற்காகவே அந்த அறிக்கையை நான் பெரிதாக மதிக்கிறேன். அப்புறம் இன்னொன்றும் அதில் உண்டு. இந்தக் கட்டுரைகள் பேசிய மாதிரியான உயர் வேலைகளில் இருந்தவர்கள் அமெரிக்கப் பெண்களில் சுமார் 8 சதவீதம்தான்.

சுவரில் ஒரு சுவரொட்டி

சரி, ஒரு பத்திரிகை தவறாகச் சொல்லிவிட்டது, அதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். சமூக உளவியலாளர்கள் நிக்கோல் ஸ்டீபன்ஸும் சிந்தியா லெவினும் 2011இல் வெளியிட்ட சோதனை இதற்குப் பதில் சொல்கிறது. கல்லூரி மாணவர்கள் சிலரை ஓர் அறைக்கு வரவழைத்தார்கள். சுவரில் ஒரு சுவரொட்டி, வேலையில் இல்லாத பெண்களைப் பற்றிய ஒரு புத்தகத்துக்கானது போல. சிலருக்கு அதில் இருந்த தலைப்பு, பெண்கள் வேலையை விடத் தேர்ந்தெடுப்பதாகச் சொன்னது. மற்றவர்களுக்குப் பெண்கள் வீட்டில் இருக்கிறார்கள் என்பதாக மட்டும். அதைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை. பிறகு பெண்களின் வாய்ப்புகளைப் பற்றிக் கேள்விகள் கேட்டார்கள். தேர்ந்தெடுப்பு என்ற தலைப்பின் கீழே உட்கார்ந்திருந்தவர்கள், ஆணுக்கும் பெண்ணுக்கும் இப்போது வாய்ப்பு சமம்தான், பாகுபாடு இல்லை என்ற பக்கம் அதிகம் சாய்ந்தார்கள்.

சுவரில் இருந்த ஒரு வரிக்கே இவ்வளவு என்றால், பல ஆண்டுகளாக அட்டையிலும் முதல் பக்கத்திலும் வந்துகொண்டிருந்ததற்கு எவ்வளவு இருக்கும்? அதைப் படித்தவர்களில் ஆள் எடுக்கும் மேலாளர்களும் இருந்திருப்பார்கள், சட்டம் எழுதுபவர்களும் இருந்திருப்பார்கள்.

ஆள் எடுப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதும் அளக்கப்பட்டிருக்கிறது. சமூகவியலாளர் ஷெல்லி கொரெல் குழுவின் 2007ஆம் ஆண்டு ஆய்வில் 638 நிறுவனங்களுக்குச் சமமான தகுதியுள்ள கற்பனை விண்ணப்பங்கள் இரண்டு இரண்டாகப் போயின. வித்தியாசம் சிறியது. ஒன்றில் பெற்றோர்-ஆசிரியர் சங்கப் பொறுப்பு பற்றி ஒரு வரி இருக்கும். பிள்ளை இல்லாத பெண்ணுக்கு, தாய்க்கு வந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் மேலாக அழைப்புகள் வந்தன. தந்தையருக்கு அப்படி எந்த அடியும் இல்லை. ஆய்வகத்தில் நடந்த பகுதியில் தாய்க்குப் பரிந்துரைத்த ஆரம்பச் சம்பளம், பிள்ளை இல்லாத பெண்ணுக்குச் சொன்னதைவிட ஆண்டுக்குச் சுமார் 11,000 டாலர் குறைவு.

விலகியவர்கள் திரும்ப நினைத்தபோதும் கதவு அகலமாகத் திறந்திருக்கவில்லை. சில்வியா ஆன் ஹியூலெட்டும் கரோலின் பக் லூஸும் 2005இல் எழுதியபடி, இடையில் விலகிய உயர்தகுதிப் பெண்களில் திரும்ப வர விரும்பியவர்கள் 93 சதவீதம். அப்படி விரும்பியவர்களில் வேலை கிடைத்தவர்கள் 74 சதவீதம், முழு நேர வேலை கிடைத்தவர்கள் 40 சதவீதம். இடையில் விலகியிருந்த காலம் சராசரியாக இரண்டு வருடத்துக்குச் சற்று மேல்தான். பத்து வருடம் கழித்து, 2013 ஆகஸ்டில், அதே ஞாயிறு இதழ் ஜூடித் வார்னரை அனுப்பி, விலகியவர்கள் இப்போது திரும்ப வரப் பார்க்கிறார்கள் என்று எழுதச் செய்தது. சிலருக்கு இடையில் விவாகரத்து ஆகியிருந்தது. பலருக்கு முன்பு வாங்கிய சம்பளத்தின் அருகில்கூடப் போக முடியவில்லை. அதை வெளியிட்டதற்கு அந்த இதழைப் பாராட்டத்தான் வேண்டும்.

சட்டம் எங்கே இருந்தது

அமெரிக்காவில் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் 1993இல் வந்தது. 12 வாரம், சம்பளம் இல்லாமல், அதுவும் தனியார் துறையில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்களோடு சரி. அதே 1993இல் நார்வே, சம்பளத்துடன் கூடிய விடுப்பில் நான்கு வாரத்தைத் தந்தைக்கென்றே ஒதுக்கியது. அவர் எடுக்காவிட்டால் அது வீண், மனைவிக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. கணவரின் வேலை நேரமும் பேச்சுக்கு வர வேண்டும் என்று ஒரு நாடு சட்டத்தாலேயே சொல்லிவிட்டது.

பொருளாதார அறிஞர்கள் ஃபிரான்சின் பிளாவும் லாரன்ஸ் கானும் 2013இல் 22 வளர்ந்த நாடுகளை ஒப்பிட்டார்கள். பெண்களின் வேலைப் பங்கேற்பில் 1990இல் அமெரிக்கா 6ஆம் இடம். 2010இல் 17ஆம் இடம். மற்ற நாடுகளோடு ஒப்பிட்டால் ஏற்பட்ட இந்தச் சரிவில் சுமார் 29 சதவீதத்துக்குக் காரணம், அந்த நாடுகள் விடுப்பும் பகுதி நேர உரிமையும் காப்பகமும் விரிவாக்கியது, அமெரிக்கா விரிவாக்காதது. இது பெண்களின் மனதைப் பற்றிய கணக்கு இல்லை. அரசு என்ன கட்டிக்கொடுத்தது என்பதன் கணக்கு.

செய்தியில் வராத 99

119 செய்திகளை எண்ணிய வில்லியம்ஸின் மையம் அதே 2006இல் இன்னொரு அறிக்கையும் வெளியிட்டது. தொழிற்சங்கங்கள் மூலம் நடுவர் முன் வந்த 99 வழக்குகளைப் படித்து எழுதியது. இங்கே பிரின்ஸ்டன் பட்டதாரிகள் இல்லை. பேருந்து ஓட்டுநர்கள், ஆலைத் தொழிலாளர்கள், துப்புரவுப் பணியாளர்கள், தொலைபேசி நிறுவன ஊழியர்கள். ஒரு பேருந்து ஓட்டுநருக்கு வேலை போனது. கடும் ஆஸ்துமா உள்ள மகனுக்கு மூச்சுத்திணறல் வந்ததால் மூன்று நிமிடம் தாமதமாக வந்திருந்தார். பொட்டலம் கட்டும் வேலையில் இருந்த ஒருவர், மகள் தலையில் அடிபட்ட செய்தி கேட்டுக் கிளம்பிப் போனதற்காக நீக்கப்பட்டார்.

காரணம் எதுவானாலும் தாமதத்துக்கு ஒரு புள்ளி, இத்தனை புள்ளி சேர்ந்தால் நீக்கம் என்ற விதி அவர்களில் பலருடைய வேலையிடங்களில் இருந்தது. கட்டாயக் கூடுதல் நேர வேலையும் இருந்தது. ஷிப்டு முடியும் நேரத்தில் இன்னும் இருந்துவிட்டுப் போ என்று சொன்னால், பிள்ளையைக் காப்பகத்திலிருந்து யார் அழைத்துவருவது? இந்த வழக்குகளில் தந்தையரும் இருந்தார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள மனைவியோடு ஷிப்டு மாற்றிக்கொண்ட ஆண்களும் இதே விதியில்தான் மாட்டினார்கள். ஸ்டோன் சந்தித்த பெண்களின் கணவர்களுக்கு வராத நிலைமை இவர்களுக்கு வந்திருந்தது, ஏனென்றால் இந்த வீடுகளில் இரண்டு சம்பளமும் வேண்டும்.

இந்த 99 வழக்குகளில் வந்தவர்களில் யாரும் என் விருப்பம் என்று சொல்லும் இடத்தில் இல்லை. சங்கம் இருந்ததால் அவர்களால் வழக்கு நடத்த முடிந்தது, வழக்கு நடந்ததால் ஆய்வாளர் கையில் ஆவணம் கிடைத்தது. சங்கம் இல்லாத வேலையிடங்களில் இதே காரணத்துக்காக வேலை இழந்தவர்களைப் பற்றி அந்த மாதிரிக் கோப்புகூட இல்லை. அடுத்து ஆய்வு செய்ய வருகிறவர்கள் போக வேண்டிய இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.